பேராச்சியின் கைராசிக் கத்தி

இலஞ்சியில் தென்னந்தோப்புக்கு நடுவே பச்சை வலை கட்டி முந்நூறு தொட்டி ஆர்க்கிட் வளர்த்தவர் பேராச்சி. வயது நாற்பத்தாறு. சாரலுக்குக் குற்றாலம் வருகிறவர்கள் தேடி வந்து வாங்குவார்கள். தண்டில் முளைத்த கன்றை அவர்கள் கண்முன்னாலேயே அறுத்துக் கொடுப்பார். பதினோரு வருடமாக ஒரே கத்தி. கைராசிக் கத்தி, மாற்றக் கூடாதாம். வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்கு மஞ்சள் குங்குமம் வைப்பார். ஒருநாளும் கொதிநீரில் போட்டதில்லை.

இரண்டு வருடம் முன்பு இலைகளில் மஞ்சள் கோடு விழுந்தது. பிறகு கருப்புக் குழிகள். தென்காசியில் உரக்கடை வைத்திருக்கும் அய்யாத்துரையிடம் இலையைக் கொண்டுபோனார். அவர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "பூஞ்சைதான்" என்று ஒரு மருந்தை எடுத்து நீட்டினார். அடுத்த மாதமும் அதே மருந்து. அதற்கடுத்த மாதமும்!

இந்த ஆனியில், தோட்டக்கலை படிக்கும் பக்கத்து வீட்டு ஷெர்லின் சோதனைப் பட்டைகள் வாங்கி வந்தாள். இலையை நசுக்கி, சாற்றில் பட்டையை நனைக்க வேண்டும். ஒரு கோடு வந்தால் நல்லது, இரண்டு வந்தால் வைரஸ். இருபது செடி பார்த்தார்கள். பதினேழில் இரண்டு கோடு. பூத்துக் குலுங்கியவற்றிலும்தான்.

"அத்தை, இதுக்கு மருந்தே கிடையாது. சாறு வழியாப் பரவுது. ஒண்ண அறுத்த கத்திய அப்படியே அடுத்ததுல வச்சா..."

"எல்லாத்துக்கும் நானேதான் ஊசி போட்டிருக்கேன்னு சொல்லுட்டி."

ஒரு தொட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே உரக்கடைக்குப் போனார்.

"அண்ணாச்சி, ரெண்டு வருசமா எனக்கு என்னத்தக் குடுத்தீய? இது வைரஸாம்லா!"

"ஏம்மா சத்தம் போடுத? பூ வருதுல்லா? சீசன்ல வித்துத் தள்ளு. செடி அவங்க ஊருக்குப் போய்ச் செத்தா எவன் திரும்பி வந்து கேக்கப் போறான்?"

"தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா வேற ஆளப் பாத்திருப்பேன்லா! அதச் சொல்ல வாய் வலிக்கோ உமக்கு? நீரு எனக்குச் செஞ்சத நான் ஊருக்கெல்லாம் செய்யணுமாக்கும்?"

தொட்டியை அங்கேயே போட்டு உடைக்கத்தான் கை வந்தது. யாராவது கிள்ளிக்கொண்டு போய் நட்டுவிடுவார்களே என்று திரும்பச் சுமந்து வந்தார்.

மறுநாள் குழி வெட்டி, காய்ந்த ஓலை பரப்பி, செடிகளைப் பிடுங்கிப் போட்டார். சோதிக்காததையாவது விட்டுவைக்கச் சொன்னாள் ஷெர்லின்.

"அதையும் இதே கத்தியாலதாம்ட்டி அறுத்தேன்."

முந்நூறும் எரிந்தது. புகை அடங்குமுன் போனை எடுத்தார். செடி வாங்கியவர்களின் எண்கள் அவரிடம் இருந்தன. முதல் அழைப்பு வீரகேரளம்புதூர் ஆனந்தவள்ளி டீச்சருக்கு. விஷயத்தைக் கேட்டதும் டீச்சர் வெடித்தார்.

"நல்லாருப்பியா நீ? எங்க மாடியில அம்பது செடி நிக்குது! எல்லாத்துக்கும்லா ஒட்டியிருக்கும்! ஏமாத்துக்காரி!"

"ஏசுங்க டீச்சர். ஏச வேண்டியதுதான். ஆனா அந்தச் செடிய இப்பமே தள்ளி எடுத்து வைங்க, அத வெட்டுன கத்தியால வேற எதையும் தொடாதீங்க. நான் போனை வைக்க மாட்டேன். போய் எடுத்து வச்சிட்டு வந்து ஏசுங்க."