உங்களுக்கு இன்னும் கல்யாணமே ஆகல, பிரதர்

“உங்களுக்கு இன்னும் கல்யாணமே ஆகல, பிரதர்.”

எழுபதுகளின் நடுவில், அடையாறில் ஒரு பாஸ்டர் என்னிடம் இப்படிச் சொன்னார்.

அப்போது எனக்கு இரண்டு பிள்ளைகள். (மூத்தவனுக்கு அன்று காய்ச்சல். பள்ளிக்கூடத்துக்கு லீவு லெட்டர் எழுதி, ‘தந்தை’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் அவரைப் பார்க்கப் போயிருந்தேன்.)

கொஞ்சம் முன்கதை சொல்ல வேண்டும்.

அப்பாவுக்குப் பாண்டி பஜார் பக்கம் தையல் கடை. கறுப்புச் சட்டைக்காரர். வீட்டில் சாமி படம் கிடையாது, நல்ல நேரம் கிடையாது, தீபாவளிக்குப் புதுச் சட்டையும் கிடையாது. (தெருவில் பாதிப் பேருக்குத் தீபாவளிச் சட்டை தைத்துக் கொடுத்தது அவர்தான்.)

என் திருமணத்தையும் அவர்தான் நடத்தினார். மாம்பலத்தில் ஒரு சின்ன ஹால். ஐயர் இல்லை, தாலி இல்லை. வேண்டுமென்றே ராகு காலம் பார்த்து மாலை மாற்றிக்கொண்டோம். தலைமை தாங்கியவர் மைக்கை விடவே இல்லை. அவர் முடிப்பதற்குள் சாம்பார் ஆறிவிட்டது.

மனைவி தேன்மொழி பள்ளியில் அறிவியல் டீச்சர். அவளும் எங்களைப் போன்ற வீட்டுப் பெண்தான்.

அப்புறம் நான் கிறிஸ்துவை நம்ப ஆரம்பித்தேன்.

இது எப்படி நடந்தது என்று விளக்க இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. எங்கள் இயக்கத்துத் தெருமுனைக் கூட்டத்தில் கிண்டல் செய்வதற்குச் சரக்கு தேடித்தான் அந்த அடையாறு பாஸ்டரின் சபைக்குப் போனேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனிப்பேன். அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. யாரும் நோய் தீர்ந்து எழுந்து நடக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கண்ணை மூடியபோது நானும் மூடினேன். மனதுக்குள் யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறேன் என்று பாதியில்தான் கவனித்தேன். நிறுத்த மனம் வரவில்லை.

அவ்வளவுதான்.

சில மாதங்கள் கழித்து, ஞானஸ்நானம் வேண்டும் என்று பாஸ்டரிடம் போய்க் கேட்டேன்.

“எந்தச் சபையில கல்யாணம் நடந்துச்சு, பிரதர்?”

“சபை இல்ல பாஸ்டர். மாம்பலத்துல ஒரு ஹால்ல.”

“யாரு நடத்தி வச்சாங்க?”

“எங்கப்பாவோட தோழர் ஒருத்தர்.”

“தேவன் பேரைச் சொல்லியா?”

“தேவன் இல்லைன்னு சொல்லி.”

அப்போதுதான் அந்த முதல் வரியைச் சொன்னார். சொல்லிவிட்டு வழியும் காட்டினார். முதலில் தேன்மொழி ரட்சிக்கப்பட வேண்டும். அப்புறம் சபையில் கல்யாணம். அதன் பிறகு எனக்கு ஞானஸ்நானம்.

“அது வரைக்கும் அவங்களும் நீங்களும் தனித்தனியா இருக்கறது நல்லது, பிரதர்.”

கெட்ட மனிதர் இல்லை. நிஜமாகவே என் ஆத்துமாவைப் பற்றிக் கவலைப்பட்டார்.

வீட்டுக்கு வந்து தேன்மொழியிடம் அப்படியே சொன்னேன். அவள் சிறியவனுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள்.

“உங்களையே இன்னொரு தடவை கட்டிக்கறதுல எனக்கென்ன நஷ்டம்? ஆனா நம்பாம நின்னுக்கிட்டு நம்பறேன்னு பொய் சொல்ல மாட்டேன்.”

ஒரு வாய் ஊட்டிவிட்டுத் தொடர்ந்தாள்.

“இன்னொண்ணு. நமக்குக் கல்யாணமே ஆகலைன்னா இந்தப் பசங்க யாருன்னு அவரைக் கேட்டுட்டு வாங்க.”

எனக்குப் பயமாக இருந்தது. இவளை இழந்துவிடுவேனோ என்று பயம். கண்ணை மூடினால் பேசுவதற்கு ஒருவர் கிடைத்திருக்கிறாரே, அவரை இழக்கவும் பயம்.

அப்பாவுக்கு விஷயம் போனது. கடையில் மெஷினை நிறுத்தாமலே சிரித்தார்.

“ஒரு புரோகிதனைத் தொரத்தி வுட்டு உனுக்குக் கல்யாணம் பண்ணி வச்சேன். நீ இன்னாடான்னா இன்னொரு புரோகிதனைத் தேடிப் போய்க்கினு கீற. கடவுளே இல்லாம நடந்த கல்யாணம்டா அது. அதுல எவன் வந்து கை வைக்க முடியும்?”

அந்த வாரமே பாஸ்டரிடம் மறுபடி போனேன்.

“பாஸ்டர், அந்தக் கல்யாணத்துல தேவன் இல்லைன்னு நீங்க சொல்றீங்க. எங்கப்பாவும் அதையேதான் சொல்றாரு. இருந்தாருன்னு சொல்றவன் நான் ஒருத்தன்தான். நான் கூப்பிடல, அது வாஸ்தவம். கூப்பிட்டாத்தான் வருவாரா அவரு?”

பாஸ்டர் கையிலிருந்த பைபிளை மூடி வைத்தார்.

“ஜெபிச்சுச் சொல்றேன், பிரதர்.”

ஜெபித்தார், ஜெபித்தார், ஒன்றரை வருடத்துக்கு மேல் ஜெபித்தார்.

நான் மயிலாப்பூர் வீட்டில் தேன்மொழியோடுதான் இருந்தேன். ஞாயிறுதோறும் அதே கடைசி பெஞ்சுக்கும் போனேன். மாதம் ஒருமுறை அப்பமும் திராட்சை ரசமும் வரும்போது, ஞானஸ்நானம் பெறாதவன் என்பதால் தட்டு என்னைத் தாண்டிப் பக்கத்தில் இருப்பவருக்குப் போகும். அது வலிக்கும். (கோபித்துக்கொண்டு வேறு சபைக்குப் போயிருக்கலாம். அந்த அப்பாவுக்குப் பிறந்துவிட்டுப் பிடிவாதம் இல்லாமல் இருக்குமா?)

ஒருநாள் ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“சரின்னும் எனக்குப் பதில் வரல, வேணாம்னும் வரல, பிரதர். தடுக்கறது தேவனா, நானான்னு எனக்கே சந்தேகமாயிடுச்சு. சனிக்கிழமை காலைல கொட்டிவாக்கம் பீச்சுக்கு வந்துடுங்க, ஞானஸ்நானம் வச்சுக்கலாம். உங்க வொய்ஃபையும் கூட்டிட்டு வாங்க.”

‘வொய்ஃப்’ என்று அவர் சொன்னது அன்றுதான் முதல்முறை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கொட்டிவாக்கம் அப்போது சவுக்குத் தோப்பும் மீனவர் குடிசைகளும்தான். கரையில் நின்று பாஸ்டர் சின்னதாக ஒரு பிரசங்கம் செய்தார். பழைய மனிதன் தண்ணீருக்குள் மரிக்கிறான், புது மனிதன் எழுந்து வருகிறான் என்றார். பிறகு இடுப்பளவு தண்ணீரில் என்னை முக்கி எடுத்தார். மூக்கெல்லாம் உப்பு.

கரையில் தேன்மொழி என் கண்ணாடியையும் துண்டையும் வைத்துக்கொண்டு நின்றாள். சாமி கும்பிடவில்லை, ஆமென் சொல்லவில்லை. எனக்குத் தலை துவட்டிவிட்டாள். துவட்டிக்கொண்டே காதருகில் மெதுவாகக் கேட்டாள்.

“பழைய ஆளு செத்துட்டான், இப்ப வந்திருக்கறது புது ஆளுன்னு உங்க பாஸ்டர் சொல்றாரே. எனக்குக் கல்யாணம் ஆனது அந்தப் பழைய ஆளோடதானே?”

பாஸ்டரிடம் கேட்கலாம் என்று திரும்பினேன். கேட்கவில்லை. மறுபடி ஜெபிக்க ஆரம்பித்துவிடுவார்.

உங்களில் யாருக்காவது பதில் தெரிந்தால் கமென்ட்டில் சொல்லுங்கள். கேட்டவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.