இளமை மாத்திரை போட்ட அண்ணா

டில்லி லோதி ரோடு பஸ்ஸில் இன்று எதிர்வீட்டு ராமநாதன் அண்ணா என் பக்கத்தில் உட்கார்ந்தார். அடுத்த மாசம் ரிட்டயர்மென்ட். மேற்கொண்டு வேலை நீட்டிப்புக்கு இன்றைக்கு இன்டர்வியூ. மீசைக்குக்கூட டை.

"மெலடோனின் போட்டிருக்கேன்மா. ஆன்ட்டிஆக்ஸிடன்ட். வயசே தெரியாதாம், யூடியூப்ல சொன்னான்."

"அது தூக்க மாத்திரையாச்சே அண்ணா?"

"உனக்கென்ன தெரியும்? இன்டர்வியூன்னு ரெண்டாப் போட்டேன்."

அடுத்த சிக்னலிலேயே குறட்டை. அவர் ஸ்டாப்பில் உலுக்கினேன், அசையவில்லை. விட்டுவிட்டு இறங்க மனசில்லாமல் நானும் கூடவே போனேன்.

கடைசி ஸ்டாப்பில் கண்டக்டர் தட்டி எழுப்பினார். "தாதாஜி, ஜல்தி உட்டியே!"

இன்டர்வியூ போச்சு. அண்ணாவுக்கு அந்தக் கவலையே இல்லை. திரும்பி வரும் வழியெல்லாம் ஒரே புலம்பல்: "என்னைப் போய்த் தாத்தான்னுட்டான்மா!"

உங்கள் வீட்டு இளைஞரை எந்த ஸ்டாப்பில் எழுப்பினீர்கள்?