வாசல் ஆணியில் கடன் அட்டை

கடலூருக்குப் பக்கத்து மீனவர் கிராமத்தில், கருவாடு விற்கும் அந்த அம்மாவை ஒரே ஒருமுறைதான் சந்தித்தேன். குழுக்கடன் வாங்கியவர்கள் அதை என்ன செய்தார்கள் என்று வீடுவீடாகக் கேட்டுச் செயலியில் பதிவதும், புதுக்கடனுக்கு எழுதிக்கொள்வதும் என் வேலை. அந்த அம்மாவுக்கு ஒல்லியான உடம்பு, உப்பில் வெளுத்த விரல்கள். கடன் அட்டையை வாசல் ஆணியில், வருகிறவர்கள் கண்ணில் படும்படி மாட்டியிருந்தார்.

"கடன்ல என்ன வாங்குனீங்கம்மா?"

"ஒண்ணும் வாங்கல. அப்படியே போஸ்ட் ஆபீஸ்ல கெடக்குது. தவணைய கருவாடு வித்துக் கட்டிடுறேன்."

"அப்போ வட்டி வீணாச்சே?"

"போவட்டும். சும்மா சேத்து வச்சத எங்க கொழுந்தன் ஒரே நாள்ல வாங்கிட்டுப் போயிட்டான். இப்போ வந்தா அட்டையப் பாப்பான், டீயக் குடிச்சிட்டுக் கெளம்பிடுவான். கடங்காரிகிட்ட எவன் கடன் கேப்பான்?"

அந்த மாதத் தவணையோடு பழைய கடன் முடிகிறது. புதிதாக ஒன்று எழுதச் சொன்னார். செயலியில் ஆறு காரணங்கள் இருந்தன: மாடு, வலை, தையல் மெஷின், பெட்டிக்கடை, கருவாடு, வீட்டுப் பழுது. ஒன்றைத் தொடாவிட்டால் கடன் கிடையாது. நான் தயங்கினேன்.

"எதையாச்சும் தொடும்மா. ஆணி காலியா இருந்தா நாளைக்கே வந்து நிப்பான்."

கருவாட்டைத் தொட்டுவிட்டுச் சிதம்பரம் பஸ் ஏறினேன். நான் பதிந்தது பொய்யா என்று இன்றும் தெரியவில்லை. அந்தப் பட்டியலில் ஏழாவதாகக் கொழுந்தன் என்று ஒன்று இருந்திருந்தால், யோசிக்காமல் அதைத்தான் தொட்டிருப்பேன்.