இருக்கையில் ஒரு பெருக்கல் குறி

ஏணிப்படிக்குக் கீழே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் சண்முகவடிவு விமானத்துக்குள் ஏறுகிறாள். ஒவ்வோர் இருக்கையாகத் துடைத்து, இரண்டு பெல்ட்டையும் இழுத்துப் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே போடுகிறாள். துடைத்தாயிற்று, ஆள் உட்காரலாம் என்று அர்த்தம். ஆள்தான் வருவதில்லை. மும்பை விமான நிலையத்தின் ஓரத்தில் அந்த விமானம் நின்றுபோய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது.

விமானக் கம்பெனி கடனில் மூழ்கியதும் நீதிமன்றம் அதை ஓர் அதிகாரியிடம் ஒப்படைத்தது. அவரிடம் நான் குமாஸ்தா. வாங்க வருகிறவர்களுக்கு விமானத்தைச் சுற்றிக் காட்டுவது என் வேலை. அவர்கள் முகம் சுளிக்காதபடி துடைத்து வைப்பது அவள் வேலை.

அவள் வீடு தாராவியில். ஊர் நாங்குநேரிப் பக்கம். பம்பாய் அவள் பேச்சில் ஒட்டவைத்தது 'நக்கோ' ஒன்றைத்தான், வேண்டாம் என்பதற்கு. வீட்டிலும் மகளின் பள்ளிப் பையைத் துடைத்து, வாரைக் குறுக்கே போட்டுத்தான் வைப்பாளாம். "'அம்மா, யே ஃப்ளைட் நஹி ஹை'ங்கா எம்மவ" என்று, இது விமானம் இல்லை என மகள் இந்தியில் கேலி செய்வதைச் சொல்லிச் சிரிப்பாள்.

விமானத்தைப் பார்க்க வருகிற கோட்டுக்காரர்கள் அவளுக்கு 'மாப்பிள்ள வீட்டுக்காரவுக'. "காபியக் குடிச்சிட்டு, ஊருக்குப் போயிக் கடுதாசி போடுதோம்னு கெளம்பிருதாவ அண்ணாச்சி." ஷூவோடு ஏறிய ஒருவரை அவள் பார்த்த பார்வையில், அவர் திரும்பி இறங்கிக் காலைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

கடைசியாக வந்தவருக்குப் பிடித்துப்போயிற்று. அரசு வங்கிகள் பழைய கடனில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் பறக்க விடுகிறேன் என்றார். முடிவு டெல்லியில். பறந்தால் அவள் வேலை நிலைக்கும். அன்றிலிருந்து என்னைக் கண்டால் ஒரே கேள்விதான்.

"டெல்லில என்ன சொல்லுதாவ அண்ணாச்சி? கவர்மெண்டு பெரிய மனசு பண்ணாதா?"

பண்ணும், பண்ணும் என்று நானும் தலையாட்டி வைத்தேன். எனக்கும் ஆசைதான்.

நேற்று பதில் வந்தது. அரசு மறுத்துவிட்டது, கம்பெனியைக் கலைத்து விற்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவு போட்டது. சொல்ல நான்தான் போனேன். ஏறியதும், அவள் துடைத்து வைத்திருந்த இருக்கையில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன்.

"வடிவு, சம்பந்தம் முறிஞ்சுபோச்சும்மா. நாளைக்கு சீட்டெல்லாம் கழத்த ஆள் வாராங்க. இனிமே தொடைக்க வேண்டாம்."

கையில் இருந்த துணியைப் பிழிந்தாள். அவள் கண் கலங்கியது. என்னுடையதும்தான், மறைக்கத் தெரியவில்லை.

"டென்ஷன் நக்கோ அண்ணாச்சி" என்றாள் என்னைப் பார்த்து. "கழத்த வாரவனும் நம்மகிட்ட வார ஆளுதான? அழுக்கா கெடந்தா நம்மளத்தான சொல்லுவான்?"

மீதி வரிசைகளையும் துடைத்து முடித்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கொஞ்சம் எந்திரிங்க."

எழுந்தேன். நான் உட்கார்ந்த இடத்தைத் துடைத்தாள். எனக்கு அடியில் மாட்டி முறுக்கிக்கொண்டிருந்த பெல்ட்டை நீவி, குறுக்கே போட்டாள்.