மனுவும் நன்மையும்

"இன்னுமா கோயிலுக்குப் போறீங்க?" என்று என்னிடம் கேட்காத ஆள் பாக்கி இல்லை. கல்லூரியில் கறுப்புச் சட்டைக்காரர்கள் கேட்டார்கள். சங்கத்துத் தோழர்கள் கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார்கள். என் பிள்ளைகளே கேட்டிருக்கிறார்கள். போகிறேன். ஞாயிறு தவறாமல் போகிறேன். யாரிடமும் உத்தரவு வாங்கிக்கொண்டு போகவில்லை. அதைப் புரிய வைக்க வேண்டுமானால் எனக்குப் பதினைந்து வயதானபோது வந்த பாஸ்காவை, அதாவது ஈஸ்டரைச் சொல்ல வேண்டும்.

திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே, காவிரியிலிருந்து பிரியும் ஒரு வாய்க்காலின் கரையில் எங்கள் ஊர். பாதிக்கு மேல் வேதக்காரர்கள், கத்தோலிக்கர்கள். வேதத்தில் சேர்ந்து நாலைந்து தலைமுறை ஆகியும் மேலத்தெரு மேலத்தெருவாகவும் கீழத்தெரு கீழத்தெருவாகவும்தான் இருந்தது. கோயில் சிலுவை வடிவத்தில் கட்டியது. நடுக்கூடம் மேலத்தெருவுக்கு, வடக்குக் கை எங்களுக்கு. அங்கே உட்கார்ந்தால் ஒரு தூண் பீடத்தைப் பாதி மறைக்கும். மணிச் சத்தம் கேட்டுத்தான் முழங்காலில் நிற்போம். யாரும் எங்களை அந்தப் பக்கம் போகச் சொன்னதில்லை. நடக்கப் பழகின நாளிலிருந்து கால் தானாகவே வடக்கே திரும்பிவிடும்.

என்னைக் கெடுத்தது செங்கொடிக்காரர்கள் என்று பின்னால் பங்குச் சாமியார் ஊரெல்லாம் சொன்னார். சுத்தப் பொய். என்னைக் கெடுத்தது ஞானோபதேச வகுப்பு. ஞாயிறு பூசை முடிந்ததும் கன்னியர் மடத்துச் சகோதரி ஒருவர் எங்களை உட்கார வைத்துக் கேள்வி பதிலாகச் சொல்லித் தருவார். எனக்கு எல்லாம் தலைகீழ்ப் பாடம். பரலோகத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்கள் நான்கு என்று அதில் ஒரு பாடம் உண்டு. நான்காவது, வேலை செய்தவனுக்குக் கூலி கொடுக்காமல் வஞ்சிப்பது. கோயில் திருவிழாவில் மேடையேறி அதை நான் ஒப்பித்தபோது பரிசு கொடுக்க நின்றவர் மிராசுதார். கெட்டிக்காரி என்று சொல்லி ஒரு செபமாலையும் மாதா படமும் கொடுத்தார். அந்த அறுப்பில் எங்கள் கூலி நெல்லை மரக்கால் தலை தட்டிக் குறைத்து அளந்தவரும் அவர்தான். சொன்னது அவர் காதில் ஏறவில்லை, என் காதில் ஏறிவிட்டது.

மிராசுதாரைப் பூதமாகக் காட்டுவதில் எனக்கு ஆசையில்லை. என் அக்கா காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தபோது வண்டி கட்டித் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவர். கோயில் மணி அவர் வீட்டு உபயம். ஆனால் கீழத்தெருவின் இருபத்தொரு வீடும் அவர் மனையில் நின்றன. வேறு ஒருவர் வயலுக்கு நடவுக்குப் போன குற்றத்துக்காக எங்கள் பக்கத்து வீட்டுக் கூரையை ஒரு மத்தியானத்தில் பிரித்துப் போட்டார்கள். சட்டி பானையோடு அவர்கள் வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருந்ததை நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பார்த்தேன். அந்த வீட்டுப் பிள்ளை என்னோடு படித்தவள். அதற்குப் பிறகு அவளைப் பார்க்கவே இல்லை.

கூலித் தகராறுகள் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. அறுப்புக்கு வெளியூர் ஆட்களை இறக்குவதும், போலீஸ் வேன் களத்துமேட்டில் நிற்பதும் எங்களுக்குப் பழகியிருந்தது. அப்போதுதான் விவசாயக் கூலி குடியிருக்கும் மனை அவனுக்கே சொந்தம் என்று அரசாங்கம் சட்டம் போட்டது. மனு எழுதித் தாசில்தாரிடம் கொடுங்கள் என்று செங்கொடிச் சங்கத்தார் சொல்லிவிட்டுப் போனார்கள். தெருவில் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தது நான் ஒருத்திதான். மூன்று நாள் உட்கார்ந்து இருபது மனுவும் எழுதினேன்.

அங்கேதான் வந்தது வினை. கன்னியர் பள்ளியில் எங்களுக்கு ஒரு பழக்கம். எந்தக் காகிதத்தில் எழுதினாலும், கணக்குப் பாடமாக இருந்தாலும், உச்சியில் 'சே.ம.சூ.' என்று போட வேண்டும். சேசு, மரி, சூசை என்று திருக்குடும்பத்தார் மூவரின் முதலெழுத்து. கை அதைப் போடாமல் நகராது. இருபது மனுவிலும் போட்டிருக்கிறேன். தாலுகா கச்சேரியில் இது என்ன சர்வே நம்பரா என்று குழம்பி எங்கள் ஊர்க் கர்ணத்திடம் கேட்டிருக்கிறார்கள். கர்ணத்துக்கும் தெரியவில்லை. அவர் மிராசுதாரிடம் கொண்டுபோய்க் காட்டினார். மிராசுதாருக்குத் தெரிந்தது. எழுதினது யார் என்பதும் சேர்த்துத் தெரிந்தது.

பாஸ்காவுக்கு முந்தின தபசு காலத்தின் நாலாவது ஞாயிறு. பங்குச் சாமியார் பிரசங்கத்தில் களவு செய்யாதிருப்பாயாக என்ற ஏழாம் கற்பனையை எடுத்தார். பிறர் சொத்தைச் சட்டத்தின் பேரால் எடுத்தாலும் திருட்டு திருட்டுதான் என்றார். திருக்குடும்பத்தின் பெயரையே திருட்டுக் காகிதத்தில் எழுதிய கை ஒன்று இந்தக் கோயிலில் இருக்கிறது என்றார். கடைசியில் தீர்ப்பு. கீழத்தெரு மனுவைத் திரும்ப வாங்கும்வரை அந்தத் தெருவுக்குப் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்கும் பாவசங்கீர்த்தனமும் கிடையாது, பாஸ்கா நன்மையும் கிடையாது. பூசையில் ஆண்டவரின் உடலாகக் கொடுக்கும் அப்பத்தை, நற்கருணையை, வாங்குவதை எங்கள் பக்கம் நன்மை வாங்குவது என்போம். பாஸ்காவுக்கு நன்மை வாங்காதவன் செத்தால் கோயில் மணி அடிக்காது, கல்லறையில் இடமும் கிடையாது. நடுக்கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் வடக்கே திரும்பிப் பார்த்தார்கள். என் கையை நான் தாவணி முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்த ஒளித்தலுக்காகத்தான் எனக்கு வெட்கம்.

அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. அம்மா சோறு பொங்குவதும் அழுவதுமாக இருந்தாள். இருக்கிற குடிசைக்குப் புதிதாக ஒரு காகிதம் எதற்கு, ஆண்டவரை இழந்துவிட்டு மனையை வைத்து நாக்கு வழிக்கவா என்று என்னைத் திட்டினாள். பிரித்துப் போட்ட கூரையை நீயும்தானே பார்த்தாய் என்று நானும் கத்துவேன். அப்பா எந்தப் பக்கமும் சேர மாட்டார். தெருவில் அப்பா சொன்னால்தான் கேட்பார்கள். அவர் ஒருவர் மனுவைத் திரும்ப வாங்கினால் மற்ற பத்தொன்பதும் தானாக வந்துவிடும். அது சாமியாருக்கும் தெரிந்திருந்தது.

பாஸ்காவுக்கு முந்தின ஞாயிறு, குருத்து ஞாயிறன்று அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். பெரிய வியாழனில், ஆண்டவர் தம் பன்னிரண்டு சீடர்களுக்குச் செய்ததுபோல, சாமியார் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவுவார். அந்தப் பன்னிரண்டு பேரும் எப்போதும் மேலத்தெருக்காரர்கள். இந்த வருஷம் பன்னிரண்டாவது ஆளாக அப்பா உட்காரலாம், பூசை முடிந்ததும் மனுவைத் திரும்ப வாங்கும் காகிதத்தில் கைநாட்டு வைத்துவிட்டால் எல்லாம் சுமுகம் என்றாராம். பன்னிரண்டாவது இடத்தின் கதை ஊருக்கே தெரியும். அது ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் இடம். அதில் உட்கார்ந்தால் வருஷம் திரும்பாது என்று மேலத்தெருவில் பயம். வழக்கமாக உட்கார்ந்த கிழவர் போன மாசிதான் செத்திருந்தார். அவர் மகன்கள் யாரும் உட்கார மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. வேண்டாத இடத்தைத் தூக்கி நமக்குப் போடுகிறார்கள், நீங்களும் பல்லை இளித்துக்கொண்டு வாங்கி வருகிறீர்களே என்று அப்பாவிடம் கேட்டேன். அப்படி அவரிடம் நான் பேசினதே கிடையாது. அவர் கோபப்படவில்லை.

"யூதாஸ் எடமாவே இருக்கட்டுமே, ஆயி. ஆண்டவரு அவங் காலையும் சேத்துத்தானே கழுவுனாரு" என்றார்.

எழுதப் படிக்கத் தெரியாத மனுஷன். இத்தனை வருஷம் தூணுக்குப் பின்னால் நின்றே அதைக் கேட்டுப் பிடித்து வைத்திருந்தார். ஒரு தடவையாவது பீடத்துக்குப் பக்கத்தில் போக வேண்டும் என்ற ஆசை அவருக்கு எவ்வளவு இருந்தது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. தெரிந்ததும் பயந்துபோனேன். இந்த ஆசைக்காக மனையைக் கொடுத்துவிடுவார் என்றே நினைத்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் அம்மா அவரை உட்கார வைத்துக் காலைத் தேய்த்தாள். தேங்காய் நார், பிறகு செங்கல் துண்டு. சேற்றுப் புண் ஆறின தழும்பு விரலிடுக்கெல்லாம் இருந்தது. சாமியார் கைபடும் கால் என்று மறுபடியும் மறுபடியும் தேய்த்தாள். கழுவுவதற்காகப் போகும் காலைக் கழுவி அனுப்புகிறோமே என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அன்று பெஞ்சில் இருந்த பன்னிரண்டு பேரும் அப்படித்தான் வந்திருந்தார்கள். சிலர் பவுடர்கூடப் போட்டிருந்தார்கள்.

அப்பா பெஞ்சின் கடைசியில், கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார். சாமியார் முழங்காலில் வந்து தண்ணீர் ஊற்றி, துண்டால் துடைத்து, குனிந்து முத்தம் வைத்தார். மற்றவர்களுக்கு எப்படியோ அப்படித்தான் அப்பாவுக்கும் செய்தார், குறை சொல்ல மாட்டேன். அப்பா அழுதுகொண்டிருந்தார்.

பூசை முடிந்ததும் சாமியார் உடுப்பு மாற்றும் அறைக்கு அப்பாவை அழைத்துப் போனார்கள். நான் வாசற்படியில் நின்றேன், யாரும் விரட்டவில்லை. மேசைமேல் காகிதமும் மைப்பெட்டியும் தயாராக இருந்தன. மிராசுதார் நாற்காலியில் இருந்தார். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அந்தக் காகிதத்தையே ரொம்ப நேரம் பார்த்தார்.

"சாமி, ஆண்டவரு கழுவிவிட்டுட்டு யார்கிட்டயும் கைநாட்டுக் கேக்கலீங்களே" என்றார்.

எகத்தாளமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே சந்தேகம் கேட்பவர்போலத்தான் கேட்டார். மிராசுதார் எழுந்து போய்விட்டார். இனி வாசற்படி மிதிக்காதே என்று சாமியார் சொன்னதை அப்பா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

மனை எங்களுக்குக் கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது. மூன்று வருஷம் இழுத்தடித்துப் பட்டா வந்தது, இருபது வீட்டுக்கும் வந்தது. ஆனால் அன்றைக்கு அதெல்லாம் யாருக்குத் தெரியும்? அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை பாஸ்கா, எங்களுக்கு நன்மை கிடையாது.

உயிர்த்த ஞாயிறு காலைப் பூசைக்குத் தெருவே போனது. வடக்குக் கையில் வழக்கம்போல் உட்கார்ந்தோம். அப்பா மட்டும் சொல்லுக்குக் கட்டுப்பட்டு வெளியே புங்கமரத்தடியில் நின்றார். நன்மை கொடுக்கும் நேரம் வந்தது. மேலத்தெரு வரிசை வரிசையாகப் போய்ப் பீடத்துக்கு முன்னால் இருந்த கிராதியில் முழங்காலிட்டது. எங்கள் பக்கம் ஒருவரும் அசையவில்லை. நான் எழுந்தேன். அம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். உதறிக்கொண்டு போனேன்.

வீரமெல்லாம் ஒன்றுமில்லை. பாவத்தோடு வாங்கினவள் வாயில் அப்பம் இரத்தமாக மாறின கதையைச் சகோதரி சொல்லியிருந்தார், நான் அதை முழுசாக நம்பியிருந்தேன். ஆனாலும் யோசித்து யோசித்துப் பார்த்தாயிற்று, நாங்கள் செய்தது பாவமில்லை. அப்படியென்றால் ஆண்டவர் எனக்கும் உண்டு. கிராதியில் முழங்காலிட்டு நாக்கை நீட்டினேன்.

சாமியார் என்னைத் தாண்டி அடுத்த ஆளுக்குக் கொடுத்தார். வரிசை எழுந்து போனது. நான் எழவில்லை. அடுத்த வரிசை வந்து முழங்காலிட்டது. மறுபடியும் தாண்டினார். நாக்கு காய்ந்து இழுத்தது. உள்ளே இழுத்தால் தோற்றேன் என்று மட்டும் தெரிந்தது. கோயிலில் பாட்டு நின்றுவிட்டது. மூன்றாம் முறை என் முன்னால் நின்று குனிந்து, மனுவைத் திரும்ப வாங்குகிறாயா என்று மெதுவாகக் கேட்டார். நீட்டிய நாக்கோடு என்ன பதில் சொல்வது? அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் யாரோ முழங்காலிடும் சத்தம் கேட்டது. அம்மா. மூன்று வாரமாக என்னைத் திட்டித் தீர்த்தவள், முக்காடு போட்ட தலையை நிமிர்த்தி, கோயில் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"குடுங்க, சாமி. ஆண்டவரு ஒங்க மனைக்கட்டு இல்ல."

கொடுத்தார். முதலில் எனக்கு, பிறகு அம்மாவுக்கு.