லோரி வரிசையைக் கலைத்த என் செயலி

மலேசியாவின் ஷா ஆலம் நகரத் தொழிற்சாலை ஒன்றில், சரக்கு ஏற்ற வரும் லோரிகளுக்கு நேரம் ஒதுக்குவது என் வேலை. வரிசையில் காத்திருக்கும் ஓட்டுநர்கள் தினமும் என்னைத்தான் திட்டுவார்கள்.

அதைத் தீர்க்க, ஏஐ உதவியோடு நேரம் ஒதுக்கும் ஒரு செயலி செய்யப் போராடினேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டேன். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெட்டது.

பிறகு எங்கள் வேலை நடக்கும் விதத்தை முழுதாக எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு பகுதியாகக் கேட்டு வாங்கி, சோதித்த பிறகே அடுத்ததைத் தொட்டேன்.

இன்று காலை தொழிற்சாலை கேட்டில் வரிசையே இல்லை!

கிள்ளானிலிருந்து வரும் ஓட்டுநர் முனியாண்டி அங்கிளுக்கு நம்ப முடியவில்லை. "வந்ததும் உள்ள விட்டுட்டாங்கம்மா! இத எந்தக் கம்பெனி செஞ்சது?"

"நான்தான் லா அங்கிள்."

"சும்மா கதை விடாதம்மா!"

என் முகநூல் பக்கத்தில் வேலையை 'மென்பொருள் பொறியாளர்' என்று மாற்றிவிட்டேன். ஆட்சேபம் உள்ளவர்கள் கீழே எழுதலாம்.