வெயிலில் காயப்போட்ட தட்டுகள்

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் எந்நேரமும் களைப்பாகவே இருந்தது. அம்மா விடிவதற்கு முன் எழுந்து சோறாக்கி வைத்துவிட்டு, தோட்டத்து ரப்பர் ஆலைக்குப் போய்ப் பகலெல்லாம் புகையில் நின்றுவிட்டு வருவாள். அப்பா தோட்டத்து லோரியை ஓட்டிக்கொண்டு போய் ஓட்டிக்கொண்டு வருவார். எங்கள் நாய்கூட, அந்நியர் யாராவது வந்தால், குரைக்க வேண்டிய இடத்தில் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. இப்போது ஈப்போவில், மின்தூக்கி வேலை செய்யாத நாட்களில், காய்கறிப் பையோடு மாடிப்படி ஏறும்போது அதுதான் எனக்கு வந்து சேர்ந்த குடும்பச் சொத்து என்று தோன்றுகிறது.

சுங்கை சிப்புட்டிலிருந்து செம்மண் சாலையில் உள்ளே போனால் எங்கள் தோட்டம். வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளுக்கு மாலையில்தான் மின்சாரம் வரும். தோட்டத்து இயந்திரம் ஓடும் வரைக்கும் விளக்கு, அது நின்றால் படுக்கை. விளக்கு வந்ததும் எல்லா வீட்டிலும் வானொலி பாடும். எங்கள் வீட்டில் மட்டும் யாரோ ஒரு கறுப்பர் மூச்சடக்கிக் கொம்பு ஊதிக்கொண்டிருப்பார். அதற்கு ஜாஸ் என்று பெயர் என்பதே இடைநிலைப் பள்ளிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதுவரைக்கும் அது அப்பாவின் ‘ஊதுற பாட்டு’.

அப்பாவுக்கு அது எப்படிப் பிடித்துக்கொண்டது என்பதை மாமா சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். மாமா அம்மாவின் தம்பி. அப்பாவின் லோரியில் கெலிண்டானாக, அதாவது சாமான் ஏற்றி இறக்கும் கையாளாகக் கூடவே போய் வருபவர். ஈப்போவில் ரப்பர் கட்டுகளை இறக்கக் கிடங்கு வாசலில் வெகுநேரம் காத்திருக்க வேண்டும். எதிரே ஒரு சீனரின் பழைய சாமான் கடை. ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரத் துரைமார்களின் மின்விசிறி, கடிகாரம், நாற்காலி எல்லாம் அங்கே வந்து குவிந்திருந்தன. அந்தக் கடை முதலாளி, தவுக்கே, ஒருகாலத்தில் நடன அரங்கு வாத்தியக் குழுவில் ஊதியவராம். கைக்கு வந்த இசைத்தட்டை எல்லாம் ஓட்டிப் பார்க்காமல் விற்க மாட்டார்.

“உங்கப்பா அந்தக் கட வாசல்ல போயி அப்படியே உட்காந்துட்டாருலா. கிடங்குல கூப்பிடுறான், நான் கூப்பிடுறேன், எந்திரிச்சாத்தானே! தட்டு முடிஞ்சப்புறம்தான் வந்தாரு” என்பார் மாமா.

அதற்குப் பிறகு ஈப்போ போகும் நாளெல்லாம் அப்பாவின் இருக்கைக்குப் பின்னால் ஒரு தட்டு வரத் தொடங்கியது. தட்டை ஓட்ட, மூடி கழன்ற ஒரு பிளேயரும் வந்தது. அப்பாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. அட்டைப் படத்தைப் பார்த்துத்தான் பெயர் வைப்பார். கன்னம் உப்பியவர் ‘குண்டர்’. மழையில் விளக்குக் கம்பம் நிற்பது ‘மழத் தட்டு’. தடித்த சட்டமுள்ள மூக்குக் கண்ணாடி போட்டுத் தலை குனிந்திருப்பவர் ‘கண்ணாடிக்காரர்’. இந்தக் கண்ணாடிக்காரர்தான் அப்பாவின் உயிர். பலகைப் பெட்டி ஒன்றில் அத்தனை பேரையும் வரிசையாக நிற்க வைத்து, கட்டிலுக்கடியில் தள்ளி வைத்திருப்பார். எங்கள் பள்ளிக்கூடப் புத்தகங்களுக்கு அந்த மரியாதை கிடைத்ததில்லை.

அம்மாவுக்கு அது அறவே ஆகாது, அல்லது ஆகாது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். “வந்ததும் வராததுமா இந்த ஊளைய ஆரம்பிச்சாச்சா?” என்று அடுப்படியிலிருந்து தினமும் ஒரு குரல் கொடுப்பாள். அம்மாவுக்கும் பாட்டுக்கும் வெகுதூரம். கோயிலில் பெண்களெல்லாம் சேர்ந்து பாடும்போதுகூட வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் மட்டும் சண்டை போடும் தெம்புகூட இல்லாமல், “அப்படி என்னாதான் இருக்கு அதுல?” என்று கேட்டாள்.

அப்பா தட்டைத் திருப்பிப் போட்டார். “இதுல யாரும் என்னைய எதையும் செய்யச் சொல்லல” என்றார்.

காலையிலிருந்து வேலை வாங்கும் தண்டல் ஒன்று சொல்லி, கணக்கெழுதும் கிராணி ஒன்று சொல்லி, கிடங்குக்காரன் ஒன்று சொல்லி வீடு வருகிற மனிதர். வானொலியைத் திறந்தால் அதிலும் ஒருவர் அழுவார், இல்லை புத்தி சொல்லுவார். அன்றைக்கு எனக்கு இது விளங்கவில்லை. வார்த்தை இல்லாத பாட்டுக்கு எதற்கு இவ்வளவு தட்டு, ஒன்று போதாதா என்றுதான் நினைத்தேன்.

மழைக்காலத்தில் செம்மண் சாலை வழுக்கி லோரி வாய்க்காலில் கவிழ்ந்தது. மாமா குதித்துத் தப்பினார். அப்பாவுக்குக் கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்து, ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் வாரக் கணக்கில் கிடந்தார். இனி லோரி ஓட்ட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு அப்பா பேசுவதை நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா இரண்டு பஸ் மாறிக் கஞ்சி கொண்டு போவாள். போகும்போது வாயில் நூறு பேச்சு இருக்கும். திரும்பும்போது வெறும் தூக்குச்சட்டிதான் இருக்கும். ஒருமுறை மாமா வாசலில் நின்று, “மச்சான் என்னா சொன்னாரு?” என்று கேட்டதற்கு, “தட்டெல்லாம் பத்திரமான்னு கேட்டாரு. வேற ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள். அந்தக் கேள்வி ஒன்றுதான் அப்பா இன்னும் இருக்கிறார் என்பதற்கு அவளிடம் இருந்த சாட்சி. அது எனக்கே தெரிந்திருந்தது.

கடைசியில், அப்பாவை மறுநாள் வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று செய்தி வந்தபோது அம்மா கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்தாள். திறந்ததும் ஈர நாற்றம். அத்தனை நாள் மழையில் ஒவ்வொரு தட்டின் மேலும் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தது.

வேறு யாராக இருந்தாலும் பதறியிருப்பார்கள். அம்மா பதறவில்லை. இது அவளுக்கு அன்றாட வேலை. ஆலையில் பூஞ்சை பிடித்த ரப்பர் ஷீட்டுகள் அவள் கைக்குத்தான் வரும். தண்ணீரில் அலசி, தேய்த்து, காய வைத்துச் சுத்தமாகக் கொடுப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று தண்டலே சொல்வார். தட்டுகளும் கறுப்பாக, வழவழப்பாக, ஏறக்குறைய அதே வாடையோடு இருந்தன. அம்மா எனது பழைய பள்ளிச் சட்டையைக் கிழித்தாள். ஒவ்வொரு தட்டையும் மடியில் வைத்து, குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல, கோடு போன வழியே சுற்றிச் சுற்றித் துடைத்தாள். அட்டை உறைகளை வீட்டுக்குள் நிழலில் பரப்பினாள். நல்ல வேளையாக, ஷீட்டுகளைக் காய வைக்கும் புகைக் கொட்டகைக்குக் கொண்டு போகவில்லை. அதையும் யோசித்ததாகப் பிறகு ஒத்துக்கொண்டாள்.

அன்றைக்கென்று மழை ஓய்ந்து வெயில் அடித்தது. கோழிக்கூண்டின் தகரக் கூரை மேல் தட்டுகளை அடுக்காமல் பரப்பி வைத்துவிட்டு, “காக்கா ஒக்காராமப் பாத்துக்க” என்று என்னைக் காவலுக்கு வைத்துவிட்டு, அப்பாவுக்குப் பிடித்த மீன் வாங்கி வரப் போனாள். நான் குச்சியோடு உட்கார்ந்தேன். ஒரு காக்கைகூட உட்காரவில்லை. வெயிலை விரட்ட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

அம்மா மீனோடு திரும்பியபோது மாமாவும் கூடவே வந்தார். கூரையைப் பார்த்துவிட்டு நின்றார்.

“என்னாக்கா, அப்பளம் காயப் போட்டிருக்கியா?”

தட்டுகள் எல்லாம் ஓரம் எழும்பி, நெளிந்து, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. அம்மா மீனைக் கீழே வைத்தாள். ஒன்றை எடுத்தாள். அது அவள் கையிலேயே இன்னும் கொஞ்சம் வளைந்தது. மாமா சிரிக்கத் தொடங்கி, அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். எனக்குத் தெரிந்து அம்மா அன்றைக்குத்தான் முதல் தடவை சத்தமில்லாமல் அழுதாள். சூடு ஆறுவதற்குள் எல்லாவற்றையும் தரையில் போட்டு அம்மிக்கல்லை ஏற்றினாள். அம்மிக்கல்லுக்கு மேல் அரிசி மூட்டை. அதற்கும் மேல் என்னை உட்கார வைத்தாள். இரவெல்லாம் தூங்காமல் அந்தக் கல்லுக்குப் பக்கத்திலேயே படுத்திருந்தாள். சில தட்டுகள் ஏறக்குறைய நேரானாலும், பழைய தட்டாக எதுவும் ஆகவில்லை.

மறுநாள் தோட்டத்து வேனில் அப்பா ஊன்றுகோலோடு வந்து இறங்கினார். அம்மா ஒளித்து வைக்கவில்லை. பெட்டியைக் கொண்டு வந்து முன்னால் வைத்துவிட்டு நின்றாள். அப்பா கண்ணாடிக்காரரை எடுத்து, கண்ணுக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

“பூஞ்ச புடிச்சிருந்துச்சா?”

“ம்.”

“வெயில்ல போட்டியா?”

“ரப்பருதானேன்னு நெனச்சேங்க.”

அப்பா அதைத் திரும்பப் பெட்டியில் வைத்தார். “விடுங்க மச்சான், வேற பாத்து வாங்கலாம்லா” என்றார் மாமா. அப்பா எழுந்து உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். திட்டியிருந்தால் அம்மாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். பல நாட்கள் அப்படியே போயின. மாலையில் விளக்கு வரும், போகும். எங்கள் வீட்டில் எந்தச் சத்தமும் இல்லை. அந்த ஊளையைத் திட்டத்தான் அம்மா தினமும் வாயைத் திறந்துகொண்டிருந்தாள் என்பது அது நின்ற பிறகுதான் தெரிந்தது.

ஒருநாள் விளக்கு வந்ததும் அப்பா என்னைக் கூப்பிட்டு, “பெட்டிய எடுத்தாம்மா” என்றார். கண்ணாடிக்காரரைப் பிளேயரில் வைத்தார். முள் மேடு ஏறிப் பள்ளம் இறங்கி, கடலில் போகும் படகுபோல ஆடிக்கொண்டே போனது. ஊதுகிறவருக்குக் காய்ச்சல் கண்டதுபோல் குரல் நடுங்கியது. நடுவில், மேடு உயர்ந்திருந்த இடத்தில், முள் தாவிக் குதித்தது. பாட்டிலிருந்து ஒரு துண்டு காணாமல் போனது.

அந்தத் துண்டு அடுப்படியிலிருந்து வந்தது. அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வாய் திறக்கவில்லை. தொண்டைக்குள்ளேயே, ஒரு சுரம் பிசகாமல், விட்டுப் போன இடத்தை நிரப்பிக்கொண்டு போனாள். அவளுக்கே அது தெரிந்ததா என்று சொல்ல முடியாது. அப்பா முகத்தைத் தூக்கினார். முள்ளை எடுத்து அந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் வைத்தார். அது மறுபடி குதித்தது. அம்மா மறுபடி முனகினாள். அவள் கையிலிருந்த கத்தி நிற்கவே இல்லை.

அன்றிலிருந்து தினமும் இதுதான். மற்றத் தட்டுகளை விட்டுவிட்டு, இருப்பதிலேயே மோசமான அதைத்தான் அப்பா எடுப்பார். முள்ளைச் சரியாக அந்த ஓட்டைக்கு முன்னால் கொண்டுபோய் வைப்பார். எனக்கு அப்பா மேல் ஆத்திரமாக வந்தது. ஒரு மனுஷி தெரியாமல் செய்த தப்பைத் தினமும் இப்படிக் குத்திக் காட்ட வேண்டுமா? அம்மா மேலும் கோபம்தான். அவர்தான் குத்துகிறார் என்றால், இவளும் சளைக்காமல் கேலி செய்கிறாளே! இரண்டு பேரும் பேசாமலே சண்டை போடுகிறார்கள், இது முடியவே முடியாது என்று நினைத்து எத்தனையோ நாள் போர்வைக்குள் பயந்து கிடந்திருக்கிறேன்.

புது ஓட்டுநரோடு ஈப்போ போய் வந்த மாமா ஒருநாள் அதே தட்டைக் கொண்டு வந்து கொடுத்தார். அதே தலை, அதே கண்ணாடி, கீறல் இல்லாத நல்ல தட்டு. தவுக்கே எங்கோ தேடிப் பிடித்து அனுப்பியிருந்தார். அப்பா, “நல்லதுடா” என்று வாங்கிப் பெட்டியில் வைத்தார். எடுத்துப் போடவே இல்லை.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு மாலை நானே அதை எடுத்துப் போட்டேன். சண்டையை முடித்து வைக்க இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் அறிவு இருக்கிறது என்ற எண்ணம். தட்டு ஆடாமல் அசையாமல் சுற்றியது. நடுங்கவில்லை, குதிக்கவில்லை, ஒரு சொட்டு சிந்தவில்லை. அடுப்படியில் அம்மா முனகாமல் நறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா கடைசி வரைக்கும் மரியாதையாகக் கேட்டார்.

“நல்லாருக்கும்மா” என்றார். பிறகு களைத்த குரலில், “அத எடுத்துட்டு அந்தப் பழசப் போடு” என்றார்.

நல்லதற்குக் காலமில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே மாற்றிப் போட்டேன். அடுப்படியிலிருந்து அம்மாவின் முனகல் தொடங்கியபோது, இரண்டு பேருக்கும் பிடிவாதம் விடவில்லை என்று முடிவு கட்டிவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு தூங்கிப்போனேன்.